பெயரைப் படிப்பது யார்? – ஷெல்லின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

லினக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ஒருவர், தான் எந்த டைரக்டரியில் நிற்கிறோம் என்பதைச் சட்டென்று தெரிந்துகொள்ள ஒரு குறும்பெயர் வைத்துக்கொள்கிறார். பெயர் ‘எங்கே’. அலையஸ் என்னும் கட்டளையைக் கொண்டு, ‘எங்கே’ என்று அடித்தால் ‘எக்கோ $பிடபிள்யூடி’ என்று பொருள்கொள் என எழுதி, ஷெல் துவங்கும்போது படிக்கப்படும் கோப்பில் போட்டுவைக்கிறார். எக்கோ, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கட்டளை. பிடபிள்யூடி, நடப்பு டைரக்டரியின் பெயரைத் தாங்கி நிற்கும் மாறி. டாலர் குறி, மாறியின் பெயரை எடுத்துவிட்டு அங்கே அதன் மதிப்பை வை என்பதற்கான அடையாளம். எல்லாம் முறைப்படிதான் இருக்கிறது. ஆனால் எந்த டைரக்டரிக்குள் போய் ‘எங்கே’ என்று கேட்டாலும் வீட்டு டைரக்டரியின் பெயரே பதிலாக வருகிறது. என்னடா இது என்று ஆள் தலையைச் சொறிகிறார்.

அவர் தமது வரையறையை இரட்டை மேற்கோள்குறிக்குள் எழுதியிருந்தார். இரட்டை மேற்கோள்குறி டாலர் குறியைத் தடுப்பதில்லை. ஆகவே ஷெல் அந்த வரியைப் படித்த கணத்திலேயே மாறியை எடுத்துவிட்டு, அப்போது அதில் இருந்த மதிப்பை வைத்துவிட்டது. அலையஸின் கையில் சேர்ந்தது மாறி அல்ல, மாறியின் பிணம். ஒற்றை மேற்கோள்குறிக்குள் எழுதியிருந்தால் டாலர் குறி தீண்டப்படாமல் உள்ளே போய், ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிதாக உயிர்பெற்றிருக்கும். பெயர் வைக்கும் காலம் ஒன்று, பெயரைப் பயன்படுத்தும் காலம் இன்னொன்று. இரண்டில் எந்தக் காலத்தில் மதிப்பு உள்ளே வந்து உட்காருகிறது என்பதுதான் விஷயம்.

இதற்குத் தொழில்நுட்ப உலகம் தரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: ‘தப்பு உன்மேல், மேனுவலைப் படி.’ படிக்கலாம். ஆனால் இன்று பெருவாரியாகப் பயன்படும் பாஷ் ஷெல்லின் மேனுவலே, அலையஸ் பற்றிய விதிகள் ஓரளவு குழப்பமானவை என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் அவற்றைச் சொல்லத் துவங்குகிறது. பயன்படுத்துகிறவனின் கவனக்குறைவு என்று எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டுவதற்கு முன்பு, இந்தக் குழப்பத்தை யார், எப்போது, எந்த நெருக்கடியில் கட்டினார்கள் என்று கேட்பது நியாயம். கருவிக்கும் வரலாறு உண்டு. அது பெரும்பாலும் அந்தக் கருவியாலேயே மறைக்கப்படுகிறது.

*

ஷெல் என்றால் ஓடு. உள்ளே இருக்கும் கர்னல் பருப்பு. மனிதன் அடிக்கும் வரியை வாங்கி, அதற்குப் பொருள் கண்டு, உள்ளே இருக்கும் எந்திரத்திடம் வேலை வாங்கித் தருகிற இடைத்தரகன் இந்த ஓடு. இந்தப் பெயரைச் சூட்டியவர் லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வேலைக்கு வந்தவர். அங்கே சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. ஒரே எந்திரத்தைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஒரே வரிசையான கட்டளைகளைத் திரும்பத் திரும்ப அடித்துச் சலித்துப்போன பூஸான், அவற்றை ஒரு கோப்பில் எழுதிவைத்து எந்திரத்தையே படிக்கச் சொல்லும் நிரலொன்றை எழுதினார். அதன் பெயர் ரன்காம், கட்டளைகளை ஓட்டு என்பதன் சுருக்கம். இன்றும் ஷெல்லின் துவக்கக் கோப்புகளின் பெயர்க் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆர்.சி.’ என்ற இரண்டெழுத்து இந்த ரன்காமின் எலும்பு. தினமும் அதைத் திறந்து எழுதுகிறவர்களில் பலருக்கு அது எதன் சுருக்கம் என்று தெரியாது. கேட்டால், ‘அது அப்படித்தான்’ என்பார்கள். காரணப்பெயர் இடுகுறியாகத் தேய்ந்துபோகும் கதை நம் இலக்கணம் படித்தவர்களுக்குப் புதிதல்ல.

ரன்காமில் ஒரு வசதி இருந்தது. கோப்புக்குள் ஒரு பெயரை எழுதிவைத்தால், ஓட்டும்போது அந்த இடத்தில் வேறு எழுத்துகளை வைத்துப் படிக்கும். மாறியின் முதல் வடிவம் இது என்று கொள்ளலாம். கவனிக்க வேண்டியது, இங்கே மாறி என்பது கணிதத்தில் வருவதுபோல ஒரு மதிப்பு அல்ல. வெறும் எழுத்துப் பதிலீடு. எழுத்தை எடு, எழுத்தை வை, பிறகு முழு வரியையும் புதிதாகப் படி. ஷெல்லின் அறுபதாண்டுச் சங்கடங்களில் பாதி இந்த மூன்று அடிகளுக்குள் இருக்கிறது.

1965இல் மல்டிக்ஸ் என்ற அடுத்த அமைப்புக்காக எழுதிய ஆவணத்தில்தான் பூஸான் ஷெல் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பிறகு பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். மல்டிக்ஸில் அந்த ஷெல்லை நிரலாக எழுதியவர் கிளெண்டா ஷ்ரோடர் என்ற பெண். வரலாறுகளில் அவர் பெயர் அரை வரியில் வந்து போகும், அதுவும் வந்தால். பூஸானின் யோசனையில் இருந்த முக்கியமான கூறு வேறு. கட்டளைகளின் பட்டியல் அமைப்பை நடத்துபவர்களின் சொத்தாக இருக்கத் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் புதிய கட்டளை எழுதலாம், பழையவற்றைச் சங்கிலியாகக் கோக்கலாம், ஓட்டையே கழற்றிவிட்டு வேறு ஓடு மாட்டிக்கொள்ளலாம். எந்திரத்தோடு பேசும் மொழியைப் பேசுகிறவனே திருத்தலாம் என்ற இந்தச் சுதந்திரத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. மாறியும் அலையஸும் இதன் பிள்ளைகள்தான். நான் பின்னால் சொல்லப்போகும் புகார்கள் எதுவும் இதை மறுப்பதற்காக அல்ல.

*

பெல் ஆய்வுக்கூடம் 1969இல் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை உருவாக்கினர். அதன் முதல் பதிப்பு 1971 நவம்பரில் வந்தது. தாம்ப்சன் எழுதிய ஷெல் மிகச் சிறியது. கட்டளையோடு தரப்பட்ட சொற்களை எண்ணிட்டுக் குறிப்பிடலாம். பெயருள்ள மாறி கிடையாது, அலையஸ் கிடையாது. ‘இஃப்’, ‘கோட்டோ’ இரண்டுகூட ஷெல்லுக்கு வெளியே தனி நிரல்களாக இருந்தன.

இந்தக் காலத்திலிருந்து ரிட்சி பதிவுசெய்த ஒரு சம்பவம் நமக்கு முக்கியம். பி.டி.பி-7 என்ற சிறிய எந்திரத்தில், ஒரு நிரல் தன்னை நகலெடுத்துப் புதியதொரு பிள்ளையை உருவாக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு ஷெல் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பிள்ளையைப் பெற்று, வேலையை அதனிடம் விட்டு, அது முடித்துச் செத்துப்போகும்வரை காத்திருக்கும். எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் நடுவே, டைரக்டரி மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை என்று தெரியவந்தது. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், பிழை ஏதும் அகப்படவில்லை. கடைசியில் புரிந்தது: கட்டளை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பிள்ளை போய் டைரக்டரியை மாற்றிக்கொள்கிறது, பிறகு செத்துவிடுகிறது. தாய் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். ஆகவே அந்த ஒரு கட்டளையை மட்டும் ஷெல் தானே செய்ய வேண்டியதாயிற்று.

யுனிக்ஸை உண்டாக்கியவர்களே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, அதன் விளைவைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அந்தத் திகைப்பு இன்றும் அப்படியே தொடர்கிறது. ஒரு கோப்பை வரிவரியாகப் படித்து எண்ணிக்கையைக் கூட்டும் சுழலைக் குழாய்வழி இணைக்கிறோம். சுழலுக்குள் எண்ணிக்கை ஏறுகிறது. சுழல் முடிந்து வெளியே வந்து பார்த்தால் பூஜ்யம். பாஷ் ஷெல்லில் குழாயின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிப் பிள்ளை. பிள்ளை சம்பாதித்தது பிள்ளையோடு போச்சு. கோர்ன் ஷெல்லிலும் இசட் ஷெல்லிலும் குழாயின் கடைசிப் பகுதியைத் தாயே செய்வதால் அதே வரிகள் சரியான எண்ணைத் தருகின்றன. மேலிருந்து கீழே மட்டும் சொத்து இறங்கும், அதுவும் நகலாக மட்டும், தனி நிரலாக ஓடும் பிள்ளைக்கோ தாய் ‘எக்ஸ்போர்ட்’ என்று அறிவித்த மாறிகள் மட்டும். ஒரு ஸ்கிரிப்டுக்குள் மாறிக்கு மதிப்புக் கொடுத்துவிட்டு, அது முடிந்த பிறகு வெளியே தேடுகிறவர் எல்லோரும் இந்தச் சொத்துரிமைச் சட்டத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

*

எழுபதுகளின் நடுவில் பெல் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே யுனிக்ஸைப் பயன்படுத்தும் புரோகிராமர்களின் கூட்டம் பெருகியது. அவர்களுக்காக ஜான் மேஷி தாம்ப்சனின் ஷெல்லை விரித்து, ஓரெழுத்து மாறிகளைக் கொண்டுவந்தார். பிறகு வந்தவர் ஸ்டீஃபன் போர்ன். கேம்பிரிட்ஜில் அல்கால் 68 என்ற மொழியில் ஊறியவர். ஷெல்லை முழு நிரல்மொழியாக அவர் திருப்பி எழுதினார். 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது வெளியாகி, இன்றுவரை பல ஷெல்களுக்கு மூதாதையாக இருக்கிறது.

போர்னின் அல்கால் பற்று வேடிக்கையானது. ‘இஃப்’ என்று துவங்கியதை அதைத் திருப்பிப்போட்டு ‘ஃபி’ என்று முடிப்பார். ‘கேஸ்’ என்றால் முடிவில் ‘ஈசாக்’. இந்தக் கணக்கில் ‘டூ’ என்று துவங்கியது ‘ஓடி’ என்று முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டெழுத்தில் கோப்பை எட்டடிமான எண்களாகக் காட்டும் ஒரு கட்டளை யுனிக்ஸில் ஏற்கெனவே இருந்தது. முதலில் வந்தவன் பெயரைப் பிடித்துக்கொண்டதால் ‘டன்’ என்று முடிக்க நேர்ந்தது. பெயர்களின் உலகில் காலி மனை கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. சி மொழியில் எழுதிய தமது நிரலையே மேக்ரோக்களைக் கொண்டு அல்கால்போலத் தோற்றமளிக்கச் செய்திருந்தார் போர்ன். அதைப் படித்து மிரண்டதும்தான் 1984இல் ‘புரியாத சி நிரல்’ போட்டி ஒன்று துவங்குவதற்குத் தூண்டுதலானது.

சிரித்துவிட்டு விஷயத்துக்கு வருவோம். போர்ன் ஷெல்லில் மாறிக்குள் வைக்க எழுத்துச்சரம் தவிர வேறெதுவும் இல்லை. ஐந்து கோப்புகளின் பெயர்களை ஒரு மாறியில் வைக்க வேண்டுமானால் இடைவெளி விட்டு ஒரே சரமாக எழுத வேண்டும். அதைப் பயன்படுத்தும்போது ஐந்தாகப் பிரிய வேண்டும். ஆகவே, மேற்கோள்குறி இல்லாமல் எழுதப்படும் மாறியின் மதிப்பை உள்ளே வைத்த பிறகு, அதை இடைவெளிகளில் வெட்டித் தனித்தனிச் சொற்களாக்கு என்று விதி செய்தார். எந்த எழுத்துகளில் வெட்டுவது என்பதைச் சொல்லவும் ஒரு மாறி. அதன் பெயர் ஐ.எஃப்.எஸ். அன்றைய யுனிக்ஸில் கோப்பின் பெயர் பதினான்கு எழுத்துக்கு மேல் போக முடியாது. இடைவெளி வைத்து யாரும் பெயர் வைப்பதும் வழக்கமில்லை. விதி, தான் பிறந்த வீட்டுக்குச் சரியாகத்தான் இருந்தது.

வீடு மாறிய பிறகுதான் வினை. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் 2.0 என்ற இசை மென்பொருளை வெளியிட்டது. அதை நிறுவும் ஸ்கிரிப்ட், பழைய பதிப்பை அழிக்கும் வரியில் ஒரு மாறியை மேற்கோள்குறி இல்லாமல் எழுதியிருந்தது. தம் வட்டுப்பகுதிக்கு இடைவெளியுள்ள பெயர் வைத்திருந்தவர்களின் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் வெட்டுப்பட்டு, அழிக்கச் சொன்ன இடம் வேறு இடமாகி, சிலருக்கு முழு வட்டுப்பகுதியே காலியானது. சில நாட்களுக்குள் திருத்திய பதிப்பு வந்தது. போன கோப்புகள் போனவைதான். வட்டுக்கு எந்தப் பெயர் வைப்பது என்பதுகூட ஒருவரின் சொந்த விஷயமாக இல்லாமல், 1979இல் நியூஜெர்சியில் ஒரு கூடத்தில் நிலவிய பழக்கத்துக்குக் கட்டுப்பட்டதாக இருக்கிறது என்றால், இதைச் சும்மா ‘பக்’ என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

ஐ.எஃப்.எஸ். மாறியின் கதை இன்னும் மோசம். போர்ன் ஷெல் அதன் மதிப்பைத் தாயிடமிருந்து அப்படியே ஏற்றுக்கொண்டது. விஐ எடிட்டரோடு வந்த ஒரு துணைநிரல், நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடி, ஷெல் வழியாக ‘/பின்/மெயில்’ என்ற கட்டளையை அழைக்கும். விஷமக்காரன் ஒருவன் ஐ.எஃப்.எஸ்.ஸில் சாய்கோட்டை வைத்துவிட்டு அதை ஓட்டினால் போதும். சாய்கோட்டில் வெட்டுப்பட்டு, கட்டளை ‘பின்’ என்றும் ‘மெயில்’ என்றும் இரு சொல்லாகிவிடும். ‘பின்’ என்ற பெயரில் அவன் எழுதிவைத்த நிரல் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும். எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுத்தைச் சொற்களாகப் பிரிக்கும் விதியை மாற்றினான், அவ்வளவுதான். சந்தி பிரிப்பதில் ஆட்சியே கைமாறும் என்று இங்கே கண்டோம். (இந்த இடத்தில் தெரிதாவைக் கூட்டிக்கொண்டுவந்து நிறுத்தும் ஆசை எழுவது இயல்பு. வேண்டாம், அவரை இழுக்காமலேயே விஷயம் புரிகிறது.) பின்னர் வந்த ஷெல்கள் இந்த மாறியை வெளியிலிருந்து ஏற்பதை நிறுத்திக்கொண்டன.

எல்லாவற்றுக்கும் மேற்கோள்குறி போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு 2015 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த இன்னொரு சம்பவம். லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட், தான் இருக்கும் டைரக்டரியைக் கண்டுபிடித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, பிறகு ‘அந்த மாறி, சாய்கோடு, அதன் கீழுள்ள அனைத்தும்’ என்று அழிக்கும். மேற்கோள்குறி ஒழுங்காகத்தான் இருந்தது. டைரக்டரியைக் கண்டுபிடிக்கும் அடி தோற்றால் மாறி வெறுமையாகிவிடும். வெறுமைக்குப் பின் சாய்கோடு என்றால் கம்ப்யூட்டரின் வேர். வேரின் கீழுள்ள அனைத்தும் என்றால், அதை ஓட்டியவருக்கு அழிக்க அனுமதியிருந்த எல்லாமும், செருகியிருந்த வெளிவட்டு உள்பட. அந்த வரிக்கு மேலே, இது பயங்கரமானது என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைக் குறிப்பாக எழுதிவைத்திருந்தார் அதை எழுதியவர். பயந்தவர் அதோடு விட்டுவிட்டார். வெறுமையாக இருந்தால் நிறுத்து என்று சொல்ல மாறியின் பெயரோடு சேர்த்து எழுதும் ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் ஷெல்லிலேயே உண்டு. பெயர் இருக்கிறது, பொருள் இல்லை என்றால் அதைப் பிழையாகக் கருதாமல் சத்தமில்லாமல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவது ஷெல்லின் இயல்புநிலை. இதை யாரும் நமக்கு ஆரம்பத்தில் சொல்வதில்லை.

*

அலையஸ் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. அது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், மாணவர்களின் முனையங்களில் பிறந்தது. பில் ஜாய் எழுதி 1979இல் இரண்டாம் பி.எஸ்.டி. தொகுப்போடு பரவிய சி ஷெல், உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவனின் விரல்களை முன்வைத்தது. முன்னால் அடித்ததைத் திரும்ப அழைக்கலாம், நீளமான கட்டளைக்குச் செல்லப்பெயர் வைக்கலாம். வீட்டு டைரக்டரியைக் குறிக்கும் நெளிகோடு வந்ததுகூட, அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்-3ஏ முனையத்தில் ‘ஹோம்’ என்ற சொல்லும் நெளிகோடும் ஒரே விசையில் இருந்ததால். அந்த முனையம் குப்பைக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, நெளிகோடு நிலைத்துவிட்டது.

இதன் விளைவாக யுனிக்ஸ் உலகில் ஓர் இரட்டை வழக்கு உண்டாயிற்று. தமிழ் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பேசுவதற்கு சி ஷெல், எழுதுவதற்கு போர்ன் ஷெல். முனையத்தில் உட்கார்ந்து சி ஷெல்லில் சரளமாகப் புழங்குகிறவர், ஸ்கிரிப்ட் எழுத வேண்டும் என்றதும் போர்ன் ஷெல்லுக்கு மாறிக்கொள்வார். சி ஷெல்லில் ஸ்கிரிப்ட் எழுதுவதை மரியாதைக்குறைவாகப் பார்க்கும் மனநிலையும் வளர்ந்தது. அதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் மெய்யாகவே உண்டு, மறுக்கவில்லை. அலையஸ் பேச்சு வழக்கில் பிறந்த சொல். எழுத்து வழக்குக்குள் அதற்கு அனுமதியில்லை. இன்றும், ‘முனையத்தில் அடித்தால் வேலை செய்கிற என் அலையஸ் ஸ்கிரிப்டுக்குள் ஏன் வேலை செய்யவில்லை?’ என்று கேட்கிறவருக்கு முழு விடை இதுதான். பாஷ் ஷெல், ஸ்கிரிப்டைப் படிக்கும்போது தனியாக அனுமதி கேட்டாலொழிய அலையஸை விரிப்பதில்லை. அனுமதி கேட்கும் வழியும் உண்டு, கேட்பவர் குறைவு.

பிரிந்த இரண்டையும் ஒன்றாக்கியவர் பெல் ஆய்வுக்கூடத்தின் டேவிட் கோர்ன். 1983இல் அறிவிக்கப்பட்ட அவரது ஷெல், போர்னின் இலக்கணத்தின்மேல் பெர்க்லியின் வசதிகளைப் பூட்டியது. ஆனால் சி ஷெல்லின் அலையஸ் தன் பின்னால் வரும் சொற்களை எடுத்து நடுவில் எங்கு வேண்டுமானாலும் பொருத்த வல்லது. கோர்னின் அலையஸுக்கு அந்தத் திறன் இல்லை. அந்த வேலைக்கு ஃபங்ஷன் என்ற வேறொரு வடிவம் வந்திருந்தது. பெயர் ஒன்றே, உள்ளே இருப்பது வேறு. ஒரு ஷெல்லிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவர்கள் பழைய அலையஸ்களை மூட்டைகட்டி எடுத்துவந்து, அவை கெட்டுப்போனதைப் பார்த்து விழித்தார்கள்.

இந்தக் குடிபெயர்வுகளுக்குப் பின்னால் சட்டம் நின்றது. 1956இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட ஓர் உடன்பாட்டினால் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தொலைபேசிக்கு வெளியே வியாபாரம் செய்ய முடியாதிருந்தது. யுனிக்ஸ் மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப விலையில் போய்ச் சேர்ந்தது அதனால்தான். தாராள மனசு ஒன்றும் இல்லை. 1984இல் நிறுவனம் உடைக்கப்பட்டு அந்தத் தடை நீங்கியதும் யுனிக்ஸ் சரக்காயிற்று. கோர்ன் ஷெல்லின் மூலநிரல் 2000இல்தான் திறந்துவிடப்பட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி, 1989இல் வெளியான ஷெல்தான் பாஷ். ‘மறுபடி போர்ன்’ என்று பெயர். மறுபடி பிறந்த கிறிஸ்தவர்கள் என்பதன் மேல் ஒரு சிலேடை. போர்னின் இலக்கணம், சி ஷெல்லின் வரலாற்றுக் குறிகள், கோர்னின் அலையஸ் எல்லாம் ஒரே பானையில். 1992இல் போசிக்ஸ் தரக்குழு ஷெல்லுக்குச் சட்டப்புத்தகம் எழுதியபோது, அலையஸை விருப்பப்பட்டவர்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பயனர்-வசதிப் பகுதியில் ஒதுக்கியது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது அடிப்படைப் பகுதிக்குள் வந்தது.

*

அலையஸின் விசித்திரங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஷெல் அதை வரியைப் படிக்கும்போது விரிக்கிறது, நிறைவேற்றும்போது அல்ல. ஆகவே ஒரே வரியில் அலையஸை வரையறுத்து, அரைப்புள்ளியிட்டு, அதே வரியில் அழைத்தால் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வரும். வரி முழுவதும் படிக்கப்பட்டபோது அந்தப் பெயர் இன்னும் பிறக்கவில்லை. ஒரு ஃபங்ஷனுக்குள் அலையஸ் ஒன்றைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு அலையஸை மாற்றினால், ஃபங்ஷன் பழைய பொருளையே பிடித்துக்கொண்டிருக்கும். ஃபங்ஷன் படிக்கப்பட்ட கணத்தில் அது கரைந்துவிட்டது. பெயரின் முன் ஒரு பின்சாய்கோடு போட்டால் ஷெல் அதை அலையஸாகப் பார்ப்பதில்லை. கட்டளையின் அசல் பெயரிலேயே அலையஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தப்பிக்கும் வழி. ‘சூடோ’ என்று அடித்து நிர்வாகி அதிகாரம் பெற்றதும் நம் அலையஸ்கள் மறைந்துபோவதும் இப்படியே. முதல் சொல் மட்டும்தான் அலையஸா என்று பார்க்கப்படும், சூடோவுக்கு அடுத்து வருவது இரண்டாம் சொல். சூடோவுக்கே ஓர் அலையஸ் வைத்து அதன் மதிப்பின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டால் அடுத்த சொல்லும் பார்க்கப்படும் என்பது விதி. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக்கு இவ்வளவு பொருளை ஏற்றிவைத்தவர்கள், படிக்கிறவர் மேனுவலைப் படிக்கவில்லை என்று குறைசொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

பெயரை விசாரிப்பதற்கும் இரண்டு சாட்சிகள் உண்டு. ‘விச்’, ‘டைப்’. பலர் விச்சைத்தான் கேட்பார்கள். பெர்க்லியில் அது ஒரு சி ஷெல் ஸ்கிரிப்டாகத் துவங்கியது. பயன்படுத்துகிறவரின் சி ஷெல் துவக்கக் கோப்பைப் படித்துவிட்டு, அதிலிருக்கும் அலையஸ்களைச் சொல்லும். போர்ன் ஷெல்லில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டவருக்கு, அவர் பேசாத மொழியின் செல்லப்பெயர்களைப் பற்றிச் சாட்சி சொன்னது. லினக்ஸில் அது பொதுவாகத் தனி நிரல். வெளியாள் என்பதால் ஷெல்லுக்குள் இருக்கும் அலையஸோ ஃபங்ஷனோ அதற்குத் தெரியாது. கோப்புகளில் தேடிவிட்டு ஒரு முகவரியைத் தன்னம்பிக்கையோடு சொல்லும். ‘டைப்’ ஷெல்லுக்குள்ளேயே இருப்பது, நடக்கப்போவதைச் சொல்லும். நமது ‘எங்கே’க்காரர் ‘டைப் எங்கே’ என்று கேட்டிருந்தால், டாலர் குறி இருக்க வேண்டிய இடத்தில் வீட்டு டைரக்டரியின் பெயர் உறைந்துகிடப்பதை ஒரு நொடியில் கண்டிருப்பார். இதைவிட ஆழமாகப் போக வேண்டுமானால் ‘செட்’ கட்டளைக்கு எக்ஸ் என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டால், ஷெல் ஒவ்வொரு கட்டளையையும் விரித்து முடித்த வடிவில், செய்வதற்கு முன் காட்டும். தன் வாசிப்பை வெளியே போட்டு உடைக்கும் வாசகன்.

*

2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாஸெலாஸ் என்பவர் பாஷ் ஷெல்லில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஷெல்ஷாக் என்று பெயராயிற்று. 1989இல் பாஷில் ஒரு வசதி சேர்க்கப்பட்டிருந்தது: மாறிகளைப் போலவே ஃபங்ஷன்களையும் பிள்ளைகளுக்குத் தரலாம். பரம்பரையாக இறங்குவது எழுத்துச்சரம் மட்டுமே என்பதால் ஃபங்ஷனை எழுத்தாக்கி ஒரு மாறிக்குள் வைத்து அனுப்பினார்கள். பிள்ளை அதைப் பெற்றதும், மதிப்பு இரண்டு அடைப்புக்குறிகளோடும் ஒரு நெளிவுக்குறியோடும் துவங்குகிறதா என்று பார்க்கும். துவங்கினால் ஃபங்ஷன் என்று கொண்டு படிக்கும். படிக்கிற ஆள் ஃபங்ஷன் முடிந்த இடத்தில் நிற்காமல், அதற்குப் பின்னால் எழுதியிருந்த கட்டளைகளையும் நிறைவேற்றிக்கொண்டே போனார். வலைச்சேவையகங்கள், வருகிறவரின் உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரை ஒரு மாறியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். ஆக, உலகின் எந்த மூலையிலிருந்தும் தன் பெயரைச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் ஆணையிடலாம் என்றாகியது. புனைபெயரில் எழுதுவதற்கு நம் சிறுபத்திரிகையாளர்கள் கண்ட பயன்கள் எல்லாம் இதன் முன் ஒன்றுமில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. பாஷை அப்போது பராமரித்துவந்தவர் செட் ரேமி, ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டு இதைத் தன்னார்வமாகச் செய்பவர். பெரிய நிறுவனங்களின் சேவையகங்கள் எல்லாம் அவருடைய ஓய்வுநேரத்தின்மேல் உட்கார்ந்திருந்தன. பெற்றதை மட்டும் பேசி, தந்ததைப் பேசாத நிறுவனங்கள் அந்த வாரத்தில் ‘திறந்த மூலநிரலின் பாதுகாப்பின்மை’ பற்றி உபதேசிக்க நேரம் கண்டன. சரிசெய்தபோது செய்தவற்றில் இதுவும் ஒன்று: ஃபங்ஷனைத் தாங்கும் மாறிகளின் பெயருக்கு முன்னும் பின்னும் ஓர் அடையாளம் சேர்த்து, எல்லா மாறியும் ஃபங்ஷனாக முடியாது என்று ஆக்கினார்கள்.

வேறுவிதமாகச் செய்திருக்க முடியாதா? முடியும், செய்தும் காட்டினார்கள். எண்பதுகளின் இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தின் டாம் டஃப் எழுதிய ஷெல்லில் மாறி என்பது சொற்களின் பட்டியல். ஒருமுறை படித்த எழுத்தை ஷெல் மறுபடி படிப்பதே இல்லை. அதன் பெயர் ஆர்.சி., ரன்காமின் அதே எலும்பு. இடைவெளியுள்ள பெயர் அங்கே வெட்டுப்படாது. அது பிளான் 9 என்ற அமைப்போடு ஒரு சிறுபான்மையின் கையில் நின்றுவிட்டது. ஏழாம் பதிப்பின் விதிகளில் எழுதிக்குவிக்கப்பட்ட ஸ்கிரிப்டுகள் அப்போதே மலையாகிவிட்டிருந்தன.

1990இல் பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த பால் ஃபால்ஸ்டட் எழுதிய இசட் ஷெல்லும் மேற்கோள்குறியில்லாத மாறியை இயல்பாக வெட்டுவதில்லை. ஆப்பிள் தன் கம்ப்யூட்டர்களில் பாஷின் 3.2ஆம் பதிப்போடு நின்றுகொண்டது. அடுத்து 2009இல் வந்த 4.0, குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வெளியாகியிருந்தது, ஆப்பிள் அதைத் தொடவில்லை. 2019இல் மேக் ஓஎஸ் கட்டலினாவோடு இயல்பு ஷெல்லை இசட் ஷெல்லாக மாற்றியது. அன்று புதிய கம்ப்யூட்டர் வாங்கி, பாஷில் பழகிய வரிகளை அடித்துப் பார்த்தவர்களுக்கு, ஐந்து பெயர்களாகப் பிரிய வேண்டிய மாறி ஒற்றைப் பெயராக வந்து நின்றது. பட்டியலின் முதல் உறுப்பைப் பூஜ்யத்தில் தேடினால் இல்லை, இசட் ஷெல் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. பழைய பாஷைத் தேடித் திறந்தவர்களிடம், இயல்பு ஷெல் இப்போது இசட் ஷெல் என்று ஓர் அறிவிப்பு முதலில் வரும். அதற்குக் கீழே, துவக்கக் கோப்பில் எழுதிவைத்த அவர்களுடைய அலையஸ்கள் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தன.